கண்ணை மூடிக்கொண்டு டெல்லிக்குப் போன கதை

நத்தைக்குறிச்சியில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தன் பெட்டியைத் திறந்தால் பக்கத்தில் இருக்கும் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்வார்கள். பெட்டிக்காரர் வேண்டியதை எடுத்து, பெட்டியைப் பூட்டி, "மூடியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் திறப்பார்கள். ஒற்றை அறை வீட்டில் ஏழெட்டுப் பேர் வாழ்கிற ஊர் அது. ஒருவருக்குத் தனியாக என்று ஏதாவது இருந்தால் அது அவருடைய டிரங்குப் பெட்டிக்குள்தான் இருக்கும். அதை இன்னொருவர் பார்ப்பது, குளிக்கிற ஆளை எட்டிப் பார்ப்பது மாதிரி.

ஒருமுறை அந்த ஊருக்குத் திருடன் வந்தான். பட்டப்பகலில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து பெட்டியைத் திறந்தான். வீட்டில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். அவன் நிதானமாக எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, போகும்போது "மூடியாச்சு" என்று சொல்லிவிட்டுப் போனான். போலீஸ் வந்து ஆள் எப்படி இருந்தான் என்று கேட்டபோது, ஆளைப் பார்க்கவில்லை, ஆனால் மரியாதை தெரிந்தவன் என்று எழுதிக்கொடுத்தார்கள்.

இன்னொரு முறை மினி பஸ்ஸில் பின்சீட்டு ஆள் ஒருவர் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். டிரைவரும் உள்ளூர்க்காரர். பஸ் வாய்க்காலுக்குள் இறங்கிவிட்டது. யாருக்கும் அடி இல்லை. டிரைவர் மேல் யாரும் குறை சொல்லவும் இல்லை. கண்ணாடியில் பின்சீட்டு தெரியும், வேறு என்ன செய்வார் என்றார்கள்.

இந்த ஊரில்தான் உலகம்மாள் இருந்தாள். மகளிர் குழுவின் தலைவி. சாரைப்பாம்பை வாலைப் பிடித்துத் தூக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிவாள். தாசில்தார் ஆபீசில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவாள். சுடுகாட்டு வழியாகத் தனியாகப் போய் விறகு எடுத்து வருவாள். உலகம்மாள் கூட வருகிறாள் என்றால்தான் மற்ற பெண்கள் ஊர் எல்லையைத் தாண்டுவார்கள். அவளைப் பார்த்துத்தான் குழுவிலேயே சேர்ந்தார்கள்.

அந்த உலகம்மாளுக்கு சிங்காரம் இல்லாமல் தூக்கம் வராது.

சிங்காரம் ஒரு துணி யானை. அவள் பாவாடை கட்டிய வயதில் தேர்த் திருவிழாக் கடையில் வாங்கியது. பித்தளைப் பொத்தான்கள் இரண்டு கண்கள். வயிற்றுக்குள் ஒரு மணி. ஒரு காது பிய்ந்து தைத்தது. அதைத் தலையணை உறைக்குள் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டுதான் இந்த ஐம்பது வயது வரைக்கும் தூங்குகிறாள். ஒரே பாயில் படுக்கும் புருஷன் சுடலைமுத்துவுக்குக்கூடத் தெரியாது. தலையணை ஏன் கிணுங்குகிறது என்று ஒருநாள் கேட்டார். உங்கள் காதில்தான் கோளாறு என்றாள். மறுநாள் போய் டாக்டரைப் பார்த்து மருந்து வாங்கி விட்டுக்கொண்டார்.

அப்படி இருக்கும்போதுதான் குழுவின் கூழ்வத்தல் டெல்லிக் கண்காட்சிக்குத் தேர்வாகி, நான்கு பேருக்கு விமான டிக்கெட் வந்தது. உலகம்மாள், அவளுடைய நாத்தனார் மாடத்தி, பத்தாவது வரை படித்த செண்பகவடிவு, எதற்கும் முதலில் தலையைக் கொடுக்கும் இசக்கியம்மை.

டெல்லியில் மூன்று நாள் தங்கவேண்டும். மூன்று நாள் தூங்காமல் இருக்க முடியாது. உலகம்மாள் சிங்காரத்தைப் பைக்குள் அடியில் வைத்து, மேலே சேலைகளை அடுக்கி, ஜிப்பை இழுத்துப் பூட்டினாள். பூட்டுப் போட்ட பிறகும் இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். மற்ற மூன்று பேர் கண்ணில் இது பட்டால் அப்புறம் ஊரில் எந்தப் பாம்பும் தன்னைப் பார்த்துப் பயப்படாது என்று அவளுக்குத் தோன்றியது.

வட்டார அலுவலகத்து மேடம் நேரில் வந்து புத்தி சொன்னார். கையில் இருக்கிற பையை ஒரு நொடிகூட விடாதீர்கள். தெரியாதவர்கள் எதைக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். யூனிஃபார்ம் போட்டவர்கள் என்ன சொல்கிறார்களோ அதை அப்படியே செய்யுங்கள். வேனில் போகும் வழியெல்லாம் நான்கு பேரும் இதை மாற்றி மாற்றி ஒப்பித்துக்கொண்டே போனார்கள்.

விமான நிலையத்தில் முதல் சிக்கல் கவுண்டரிலேயே வந்தது. அங்கே இருந்த பெண் சிரித்த முகமாக நான்கு சீட்டுகளை நீட்டினாள். நான்கு பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள்.

இது இல்லாமல் உள்ளே போக முடியாது என்று அந்தப் பெண் சொன்னாள். அது புரிகிறது, ஆனால் உன்னைத் தெரியாதே என்று மாடத்தி சொன்னாள். அந்தப் பெண் தன் பெயர் எழுதிய அட்டையைக் காட்டினாள். பெயர் தெரிந்தால் போதுமா, ஆள் தெரியவேண்டாமா என்று நான்கு பேரும் ஓரமாகப் போய் ஆலோசித்தார்கள். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அந்தப் பெண்ணைத் தெரிந்துகொண்டுவிட்டால் வாங்கிக்கொள்ளலாம்.

"அம்மாவுக்கு எந்த ஊரும்மா?" என்று மாடத்தி ஆரம்பித்தாள்.

அம்மாவுக்குக் கடையநல்லூர். கடையநல்லூரில் எங்கே? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால். பின்னால் என்றால் மாவு மில் பக்கமா, கிணற்றுப் பக்கமா? கவுண்டருக்கு முன்னால் வரிசை வாசல்வரை நீண்டது. மாவு மில் பக்கம்தான் என்று தெரிந்ததும் மாடத்தியின் முகம் மலர்ந்தது. அவளுடைய கொழுந்தன் பெண்டாட்டியின் அக்காளை அந்த மில்லுக்கு எதிர்வீட்டில்தான் கொடுத்திருந்தது.

"அப்படின்னா நீ எனக்கு மக முறை வேணும்" என்றாள். சீட்டை வாங்கிக்கொண்டாள். சும்மா வாங்குவது முறையில்லை என்று ஒரு பாக்கெட் கூழ்வத்தலும் கொடுத்து, ரொம்ப மெலிந்துபோய்விட்டாய், நேரத்துக்குச் சாப்பிடு என்றும் சொன்னாள்.

அடுத்தது சோதனை. தண்ணீர் எதுவும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று எழுதியிருந்ததைச் செண்பகவடிவு படித்துச் சொன்னாள். கையில் இருந்த பாட்டில்களை நான்கு பேரும் வாயில் கவிழ்த்துக் காலி செய்தார்கள். பிறகு இசக்கியம்மைக்கு ஒரு சந்தேகம் வந்தது. இப்போதும் தண்ணீர் தங்களோடுதானே உள்ளே வருகிறது, பாட்டில்தானே மாறியிருக்கிறது? யோசித்தால் சரியாகத்தான் பட்டது. எல்லாரும் பையோடு கழிப்பறைக்குப் போய், முடிந்த அளவு நேர்மையாக நடந்துகொண்டு திரும்பி வந்தார்கள்.

காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் பைகளை ஓடுகிற ரப்பர் பெல்ட்டில் வைக்கச் சொன்னார். இங்கேதான் மேடத்தின் புத்திமதிகள் ஒன்றோடொன்று முட்டின. யூனிஃபார்ம் போட்டவர் வைக்கச் சொல்கிறார். மேடமோ பையை விடக் கூடாது என்றிருக்கிறார்.

"ரெண்டு பேரு வார்த்தையவும் தட்டக் கூடாதுல்லா" என்றாள் செண்பகவடிவு. "பைய வைப்போம். விடவும் வேண்டாம்."

யாரும் யோசிக்கும் முன்னால் இசக்கியம்மை பையை பெல்ட்டில் வைத்து, அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானும் குப்புறப் படுத்தாள். ரப்பர்த் திரை அவளை மெதுவாக விழுங்கியது. எக்ஸ்ரே திரையில் பைகளின் படம் பார்த்துக்கொண்டிருந்த ஆள் டீ டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பக்கம் இசக்கியம்மை தலைமுடி கலையாமல் வந்து இறங்கினாள். உள்ளே எப்படி இருந்தது என்று இவர்கள் இந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்கள். பாயில் சுருட்டின மாதிரி இருந்தது, குளுகுளு என்று காற்று வந்தது, இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டுச் சொல்லுங்கள் என்றாள்.

படம் பார்க்கிறவர் எழுந்து ஓடிவந்தார். இப்படி எல்லாம் படுக்கக் கூடாது, உள்ளே போகிற எல்லாமே எனக்கு இந்தத் திரையில் தெரியும், பையை யாரும் எடுத்துக்கொண்டு போக மாட்டார்கள் என்று தைரியம் சொன்னார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் மாடத்திக்கு முகம் கறுத்துவிட்டது.

"திறக்காமலே பாக்கேளா?" என்றாள்.

அதுதான் வேலை என்றார் அவர்.

"செய்யுங்க. வேலைய யாரும் கெடுக்க மாட்டோம். பைய உள்ள விடுதோம். நீங்க கண்ண மூடிக்கிட்டுப் பாருங்க."

அவர் இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு விண்ணப்பத்தைக் கேட்டதில்லை. அதற்குள் வரிசையில் நின்ற கறுப்புக் கோட்டு வக்கீல் ஒருவர் குறுக்கே வந்தார். இந்த அம்மா சொல்வதில் சட்டப்படி விஷயம் இருக்கிறது, அந்தரங்கம் என்பது மனிதனின் உரிமை, அதை யாரும் பறிக்க முடியாது என்றார். அந்தரங்கம் என்றால் என்ன என்று மாடத்தி கேட்டாள். அடுத்தவர் பார்க்கக் கூடாதது என்றார். அதைத்தான் நாங்கள் பெட்டி என்கிறோம் என்றாள்.

பேசிக்கொண்டே வக்கீல் தன் பெட்டியை வைத்தார். லேப்டாப்பை எடுத்து வைத்தார். ஷூவைக் கழற்றினார். இடுப்பு பெல்ட்டையும் உருவி வைத்துவிட்டு, நழுவுகிற பேண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார்.

"உங்களுக்கும் அந்த உரிமை உண்டா?" என்று மாடத்தி கேட்டாள்.

"உண்டும்மா" என்றார் வக்கீல். "ஆனா பிளேனுக்கு நேரமாச்சு."

அதற்குமேல் மாடத்தியாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை. இசக்கியம்மையையும் திரும்பக் கூப்பிட்டு, பைகளைக் கட்டிப்பிடிக்காமல் அனுப்பினார்கள். அனுப்பிவிட்டு நான்கு பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள், மரியாதைக்கு.

பெண்களைச் சோதிக்க ஒரு திரை மறைப்பு இருந்தது. அதற்குள் ரெஜினா என்ற பெண் அதிகாரி நின்றிருந்தாள். யூனிஃபார்ம் போட்டிருந்ததால் இவர்களுக்கு அவள்மேல் உடனே பக்தி வந்துவிட்டது. தொட்டால் கையை விரித்து நில்லுங்கள், நான் சொல்லும்போது இறக்கலாம் என்று அவள் சொன்னாள். ஒவ்வொருவராகப் போய்ப் பறவை மாதிரி நின்றார்கள். இசக்கியம்மையிடம் மட்டும் இறக்கு என்று சொல்ல ரெஜினா மறந்துவிட்டாள். அவள் விரித்த கையோடு வெளியே வந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் இடித்துக்கொண்டு நின்றாள். ரெஜினா கவனித்து, இறக்கு என்று சொன்ன பிறகு இறக்கினாள்.

உலகம்மாளுக்கு எதிலும் மனம் செல்லவில்லை. அவள் கண் பெல்ட்டின் மேலேயே இருந்தது. மூன்று பேரின் பைகளும் நேராக வந்தன. அவளுடைய பை மட்டும் பக்கவாட்டில் தள்ளப்பட்டு ஒரு மேஜை முன்னால் வந்து நின்றது.

"மேடம், இதுல ஏதோ மிருகம் மாதிரி இருக்கு" என்று படம் பார்க்கிறவர் ரெஜினாவிடம் சொன்னார். "கண்ணு ரெண்டும் பித்தளை. வயித்துல உருண்டையா ஏதோ கிடக்கு."

உலகம்மாள் பைச்சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சுடுகாட்டுக்குத் தனியாகப் போகிறவள்.

"மதினி, பாம்பையா தூக்கிட்டு வந்திய?" என்று இசக்கியம்மை மெதுவாகக் கேட்டாள். டெல்லியில் பாம்பு கிடைக்காதா என்று செண்பகவடிவு சொன்னாள்.

ரெஜினா சாவி கேட்டாள். பூட்டைத் திறந்த சத்தம் வந்ததும் மாடத்தி, செண்பகவடிவு, இசக்கியம்மை மூன்று பேரும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்கள். உலகம்மாளுக்குப் பாதி உயிர் வந்தது. ஆனால் மாடத்திக்குக் கடமை முடியவில்லை. கண்ணை மூடியபடியே கேட்டாள்.

"யம்மா, நீங்க மூடிட்டேளா?"

இல்லை என்றாள் ரெஜினா. நான் சோதனை போட வேண்டும்.

"தேடுங்க. யாரு வேண்டாம்னா? பாக்கக் கூடாது, அவ்வளவுதான்."

பார்க்காமல் எப்படித் தேடுவது என்று ரெஜினா கேட்டாள். ராத்திரி கரண்டு போனால் தீப்பெட்டியை எப்படித் தேடுவீர்கள் என்று மாடத்தி கேட்டாள். ரெஜினாவோ காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள். யாராவது கண்ணை மூடு என்று சொல்ல மாட்டார்களா என்றுகூட இருந்திருக்கலாம். சரி, இவர்கள் போனால் போதும் என்று கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையை விட்டாள்.

விட்டவள் சும்மா இருக்கவில்லை. கையில் படுவதை எல்லாம் படம் பார்க்கிறவருக்குச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனாள்.

"சேலை... இன்னொரு சேலை... தலையணை மாதிரி ஒண்ணு. உறைக்குள்ள மெத்து மெத்துன்னு இருக்கு. நீளமா என்னவோ தொங்குது."

கண்ணை மூடிய மூன்று பேரும் யோசித்தார்கள். முருங்கைக்காயாக இருக்கும் என்றாள் செண்பகவடிவு. மெத்து மெத்து என்கிறாளே, புடலங்காய் என்றாள் இசக்கியம்மை.

"நாலு காலு இருக்கு" என்றாள் ரெஜினா.

புடலங்காய் இல்லை என்று முடிவானது.

"ரெண்டு பக்கமும் அகலமா... இது காது. ஒரு காதைத் தச்சிருக்கு." அப்போது சிங்காரத்தின் வயிற்றிலிருந்து மணி கிணுங்கியது.

உலகம்மாள் பாய்ந்து ரெஜினாவின் கையைப் பிடித்தாள். கண்ணை மூடி என்ன பிரயோஜனம், காது வழியாகப் பெட்டி முழுக்க வெளியே வந்துகொண்டிருக்கிறதே என்றாள். அவள் குரல் அப்படி நடுங்கி மற்ற மூன்று பேரும் கேட்டதில்லை.

இது புதுச் சிக்கல். ஊரில் இப்படி ஒன்று நடந்ததே கிடையாது. அங்கே யாரும் தன் பெட்டியில் இருப்பதை வாசித்துச் சொல்ல மாட்டார்கள். மூன்று பேரும் கண்ணை மூடியபடியே பஞ்சாயத்து வைத்தார்கள். கேட்பது பார்ப்பதில் சேராது, ரேடியோவைக் கேட்கிறவர்கள் யாரையாவது பார்க்கிறார்களா என்றாள் செண்பகவடிவு. ஆனால் நாலு கால் என்றதும் என் மனதுக்குள் நாலு கால் தெரிந்ததே என்றாள் இசக்கியம்மை.

"எத்தனை தெரிஞ்சுது?" என்று மாடத்தி கேட்டாள்.

"நாலும் தெரிஞ்சுது மதினி."

"அப்ப நீ பாத்துட்ட. நாம எல்லாரும் பாத்துட்டோம். ஒலகம்மா, மன்னிச்சுக்கோ. காதையும் மூடிக்கிடுதோம்."

மாடத்தி விளக்குத் திரிக்கென்று பஞ்சு கொண்டுவந்திருந்தாள். தன் பையைத் தடவித் திறந்து எடுத்தாள். கண்கள் எல்லாம் ஏற்கெனவே மூடியிருந்ததால் அதில் சிரமம் இல்லை. மூன்று பேரும் காதுக்குள் பஞ்சை விரலால் குத்திக் குத்தி அடைத்து, அதற்கு மேலே முந்தானையால் தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்கள். பல்வலிக்காரர்கள் மூன்று பேர் வரிசையில் நிற்பது மாதிரி இருந்தது.

உலகம்மாள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு ரெஜினாவிடம் மெதுவாக, இப்போது கண்ணைத் திறந்துகொள்ளுங்கள் என்றாள்.

ரெஜினா திறந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யானையையும், கொஞ்ச நேரம் உலகம்மாளையும் பார்த்தாள்.

"பேரு சிங்காரம்" என்றாள் உலகம்மாள். "அது இல்லாம தூக்கம் வராதும்மா. அந்த மூணு பேருக்கும் மட்டும் தெரிஞ்சிரக் கூடாது."

ரெஜினா சிரிக்கவில்லை. விதிப்படி சிங்காரத்தை ஒருமுறை தடவிப் பார்த்தாள். யூனிஃபார்ம் தொட்டதும் என்ன செய்ய வேண்டும் என்று உலகம்மாளுக்குத் தெரியும். சிங்காரத்தின் முன்னங்கால் இரண்டையும் பிடித்து விரித்துக் காட்டினாள். வேறு வழியில்லாமல் ரெஜினா, சரி, இறக்கலாம் என்றாள்.

உலகம்மாள் பையைப் பூட்டினாள். இழுத்துப் பார்த்தாள். பெருமூச்சு விட்டுவிட்டு, "மூடியாச்சு" என்றாள்.

மூன்று பேரும் அசையவில்லை.

உரக்கச் சொன்னாள். கத்திச் சொன்னாள். வரிசையில் நின்ற ஜனங்கள் எல்லாம் தங்கள் பைகளை மூடினார்கள். இந்த மூன்று பேருக்குத்தான் கேட்கவில்லை. பஞ்சு அவ்வளவு நன்றாக அடைத்திருந்தது.

மாடத்தியின் தோளைத் தட்டினாள். மாடத்தி உடனே இரண்டு கையையும் விரித்தாள். இசக்கியம்மையைத் தட்டினாள். அவளும் விரித்தாள். செண்பகவடிவு விரித்ததோடு, முன்னால் செய்த பழக்கத்தில் திரும்பியும் நின்றாள். முந்தானைக் கட்டை அவிழ்க்கப் பார்த்தால், யாரோ கம்மலைக் கழற்றுகிறார்கள் என்று நினைத்து மாடத்தி கையை விரித்தபடியே தலையை மாடு மாதிரி ஆட்டினாள். பலவந்தமாகக் கண்ணிமையைத் திறப்பது ஊர் மரியாதை இல்லை. உலகம்மாளுக்கு அது கனவிலும் தோன்றாது.

விமானம் புறப்படப் போகிறது என்று அறிவிப்பு வந்தது. உலகம்மாள் தன் பையைத் தோளில் மாட்டினாள். அவர்கள் பைகளை அவரவர் கழுத்தில் மாட்டினாள். மூன்று பேரையும் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனாள். தொடத் தொடக் கைகள் இன்னும் விறைப்பாக விரிந்தன. வாசலில் நேராக நுழைய முடியாமல், கட்டிலைத் திருப்புகிற மாதிரி ஒவ்வொருவரையும் பக்கவாட்டில் திருப்பி நுழைத்தாள். பின்னால் வந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு வயதான தம்பதி இது புது விதிபோல என்று தாங்களும் கையை விரித்தார்கள். அவர்களைப் பார்த்து அடுத்தவர். விமானத்தின் படியில் வக்கீலும் ஒரு கையைத்தான் விரித்திருந்தார். இன்னொரு கையில் பேண்ட் இருந்தது.

ஜன்னலோரமாக ஒருத்தி, அவளுக்கு முன்னால் ஒருத்தி, பின்னால் ஒருத்தி என்று மூன்று பேரையும் அமர்த்தி, உலகம்மாள் தானே எல்லாருக்கும் பெல்ட்டைப் போட்டுவிட்டாள். விரித்த கைகளைப் பக்கத்து சீட்டுக்காரர்கள் குனிந்து சமாளித்தார்கள். பணிப்பெண் தட்டில் மிட்டாய் கொண்டுவந்தவள், நீட்டியிருந்த உள்ளங்கைகளில் ஒவ்வொன்றாக வைத்துவிட்டுப் போனாள்.

விமானம் ஓடி, உறுமி, மேலே எழும்பியது. பாம்பைத் தூக்கி எறியும் உலகம்மாள் சீட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் பார்த்தாள். முன்னால் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த உலகம் முழுக்கக் கண்ணையும் காதையும் மூடிக்கொண்டிருந்தது. பையைத் திறந்தாள். சிங்காரத்தை வெளியே எடுத்து மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாகப் பட்டப்பகலில், தலையணை உறை இல்லாமல். ஜன்னல் வழியாக அதற்கு மேகம் காட்டினாள். மணி கிணுங்கியது. ஒருவரும் திரும்பவில்லை.

விமானம் கீழே இறங்கும்போது முந்தானைக் கட்டுகள் குலுங்கித் தளர்ந்திருந்தன. காதுக்குள் பட்டென்று ஏதோ வெடித்த மாதிரி இருந்ததும், மூன்று பேரும் ஒரே நேரத்தில் தலையைச் சிலுப்பினார்கள். பஞ்சு தெறித்து விழுந்தது. உலகம்மாள் அவசரமாகச் சிங்காரத்தைத் திணித்துப் பூட்டினாள்; அந்தப் பதற்றத்தில், மூன்று பேரையும் விமான நிலையத்துக்கு வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் நினைவு வந்து, "மூடியாச்சு" என்றாள்.

கண்ணைத் திறந்தார்கள். எதிரே பலகையில் எழுதியிருந்ததைச் செண்பகவடிவு எழுத்துக்கூட்டினாள். டெல்லி.

கண்காட்சி நல்லபடியாக முடிந்தது. கூழ்வத்தல் எல்லாம் விற்றுத் தீர்ந்தது. திரும்பி வருவதற்கு ரயில் டிக்கெட்தான் கொடுத்திருந்தார்கள். ரயிலில் மூன்று பேரும் ஓயாமல் டெல்லி போன விதத்தைப் பேசிப் பேசி ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள்.

ஊர் கூடிக் கேட்டது. பிளேன் எப்படி இருந்தது?

"பிளேனா?" என்றாள் மாடத்தி. "நாங்க எந்தப் பிளேனையும் பாக்கலை. அங்க ஒரு யூனிஃபார்ம் போட்ட பிள்ளை கைய விரின்னுச்சு. விரிச்சோம். கண்ண மூடினோம். காதுல பஞ்சு வச்சோம். ஓன்னு ஒரு சத்தம், வயித்தக் கலக்குச்சு. திறந்தா டெல்லி."

நடுவில் கையில் மிட்டாய்கூட வந்தது என்று இசக்கியம்மை சாட்சி சொன்னாள்.

ஊர் உலகம்மாள் பக்கம் திரும்பியது. அவள்தான் தலைவி. அப்படித்தானா என்று கேட்டார்கள்.

உலகம்மாள் வாயைத் திறந்தாள். பிளேன் இருந்தது, நான் பார்த்தேன் என்று சொல்லலாம். சொன்னால், எல்லாரும் மூடியிருக்கும்போது நீ மட்டும் கண்ணைத் திறந்துகொண்டு மடியில் என்ன வைத்திருந்தாய் என்று அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டாள்.

"அப்படித்தான்" என்றாள்.

மறுநாள் காலையில் குளத்துக் கரையில் ஊர் ஆண்கள் எல்லாரும் வரிசையாக நின்றார்கள். இவ்வளவு சுலபம் என்றால் பெண்கள் மட்டும் ஏன் டெல்லி பார்க்க வேண்டும்? உலகம்மாளின் புருஷன் சுடலைமுத்து முதல் ஆளாக நின்றார். காதில் பஞ்சு, தலையில் துண்டு, கண் இறுக்கி மூடி, கை இரண்டும் விரித்து. காற்று நன்றாக வீசியது. சோளக்காட்டுப் பக்கம் ஒரு டிராக்டர் உறுமிக்கொண்டு போனது. பஞ்சையும் மீறி அந்த உறுமல் கேட்டது. வயிற்றைக் கலக்கியது, காலையில் யாரும் சாப்பிடவில்லை. கை வலிக்கும்வரை நின்றார்கள். பிறகு போதும், வந்திருக்கும் என்று கண்ணைத் திறந்தார்கள்.

குளத்தைப் பார்த்தார்கள். கோயிலைப் பார்த்தார்கள்.

"டெல்லி அப்படியே நம்ம ஊரு மாதிரியில்லா இருக்கு" என்றார் சுடலைமுத்து.

தெரியாத ஊர் என்பதால் எல்லாரும் கூட்டத்தைவிட்டுப் பிரியாமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பயபக்தியோடு தெருவுக்குள் நடந்தார்கள். உலகம்மாள் வாசலில் வத்தல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து கொஞ்சம் தள்ளியே நின்று, அந்நியப் பெண்ணிடம் பேசுகிற முறைப்படி தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"யம்மா, நாங்க நத்தைக்குறிச்சி. இங்க ரெண்டு நாள் தங்க இடம் கிடைக்குமா?"

உலகம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். உண்மையைச் சொல்லத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளே தலையணை இருந்தது.

"சத்திரத்துல கேட்டுப் பாருங்க" என்றாள்.

சுடலைமுத்து கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். நாலு எட்டு வைத்ததும் பக்கத்தில் வந்தவர் காதோடு ரகசியமாகச் சொன்னார்.

"அந்த டெல்லிக்காரி அச்சு அசல் எம் பொண்டாட்டி மாதிரியே இருக்கா. ஆனா நல்ல குணம். ஊருக்குப் போயி ஒலகம்மாகிட்ட இதச் சொல்லிராதேயும்."